மடக்கு மம்பட்டியில் செம்மண்

அந்தா பாரு, ஆரம்பிச்சுட்டாக.

டிரைவருக்குப் பின் சீட்டுல, காலை நீட்டிக்கிட்டு, மஞ்சத் துண்டு போட்டு உக்காந்திருக்காகல்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரக. கையில இருக்கறது மம்பட்டிதான் தாயி, பயப்படாத. மிலிட்டரி மம்பட்டி. மடக்கினா சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள்ள அடங்கிரும், பையில போட்டுத் தூக்கிட்டுப் போயிரலாம். பக்கத்து சீட்டுக்காரரு பாவம், இது என்னங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரு. இனி அவரு எறங்குற ஊரு வர்ற வரைக்கும் விட மாட்டாக. பாரு, கழுத்துல இருக்கற மரையைத் திருகுறாக. நேரா நிமித்தித் திருகினா மண்ணு அள்ளுற மம்பட்டி. பாதியில நிறுத்தித் திருகினா களைக்கொத்து. ஒரு ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், கொப்பு அறுக்க. இன்னொரு ஓரம் அருவா கணக்கா தீட்டியிருக்கும், வெறகு பொளக்க. மடக்கித் தரையில வச்சா மேல உக்காந்துக்கலாம். கழுவித் துடைச்சு அடுப்புல காட்டினா முட்டைகூட ஊத்தலாம்னு சொல்வாக. எனக்கு எல்லாம் மனப்பாடம். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசம். அதுல பதிமூணு வருசம் இந்த மம்பட்டியோட சேர்த்துத்தான் குடும்பம் நடத்தறேன்.

நீ எங்க எறங்கணும்? காரைக்குடியா. நாங்க அறந்தாங்கி போறோம், ஒரு கல்யாணத்துக்கு. கல்யாணத்துக்கு எதுக்கு மம்பட்டின்னுதான கேக்கப் போற? இரு, சொல்றேன். இப்பத்தான மேலூர் தாண்டியிருக்கு.

எங்களுக்கு திருமங்கலம் பக்கம். அவுக பட்டாளத்துல அவில்தாரா இருந்து ரிட்டயர் ஆகி வந்த அன்னைக்கு, கூட்டிட்டு வர நான் மதுரை ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். பொட்டி ரெண்டு, படுக்கை ஒண்ணு, தோள்ல ஒரு பச்சைப் பை. பொட்டியை போர்ட்டர்கிட்ட கொடுத்தாக, படுக்கையை என்கிட்ட கொடுத்தாக. அந்தப் பச்சைப் பையை மட்டும் தொட விடலை. ஆட்டோவுலகூட மடியிலயே வச்சுக்கிட்டாக. எனக்குத்தான் என்னமோ வாங்கிட்டு வந்திருக்காக போலன்னு நெனச்சேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், சேலையா இருக்கும், பனி ஊர்ல விக்கிற அந்தக் கம்பளிச் சால்வையா இருக்கும்னு வழி நெடுக மனசுல ஓட்டிக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா மம்பட்டி.

அதை பீரோவுக்குள்ள வச்சாக தாயி. என் பட்டுச்சேலை இருக்கற தட்டுக்குக் கீழ்த்தட்டுல.

சனிக்கிழமை ஆனா எடுத்து எண்ணெய் போடுவாக. தையல் மிசின் எண்ணெய். மரையைக் கழட்டி, பழைய வேட்டித் துணியால துடைச்சு, ஒவ்வொரு பல்லா தடவிப் பார்த்து, மறுபடி மாட்டுவாக. எனக்கு ஒரு தலைவலின்னா தைலம் எந்த அலமாரியில இருக்குன்னு கேக்கற மனுசன். நானும் பார்த்துக்கிட்டே இருப்பேன். எனக்கு ஆத்திரமா வரும். ஒரு இரும்புச் சாமான்மேல ஒருத்திக்குப் பொறாமை வருமான்னு கேட்டா, வரும். எனக்கு வந்துச்சு.

தெருவுல அதுக்கு இருந்த மரியாதையை நீ பார்க்கணும். ஐப்பசியில அடைமழை பெய்ஞ்சு சாக்கடை அடைச்சுக்கிட்டா, மிலிட்டரிக்காரரைக் கூப்பிடுன்னு ஓடி வருவாக. அவுக அந்த மம்பட்டியை களைக்கொத்தா மடக்கி, சிலாப்புக் கல்லு இடுக்குல விட்டு இழுத்தாகன்னா கால் மணி நேரத்துல தண்ணி ஓடிரும். எங்க வீட்டுப் பெரிய மம்பட்டி அந்த இடுக்குல நுழையாது. அடுத்த வீட்டுக்காரரு கார் கரிசல்ல மாட்டிக்கிட்டப்ப, நாலு பேரு தள்ளியும் அசையலை. இவுக டயருக்கு முன்னால கவுந்து படுத்து மண்ணை வாரி, கொப்பை அறுத்து அடியில போட்டு, ஏத்தி விட்டுட்டாக. கோயில் பந்தல்ல முளை அடிக்க அதுதான் சுத்தியல். சாரைப் பாம்பை நசுக்காம ஏந்தி வெளிய விட்டது அதுதான். பலாப்பழம் அறுக்கக்கூட கேட்டு வந்தாக. சும்மா சொல்லக்கூடாது, உபயோகமான சாமான்தான். அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா என் வீட்டுக்காரரை யாரும் கூப்பிடலை தாயி. மம்பட்டியைத்தான் கூப்பிட்டாக. அவுக அது பின்னாலயே போவாக. வந்து ஒவ்வொண்ணா எனக்குச் சொல்வாக.

நான் சமைச்சுக்கிட்டிருப்பேன், வந்து அடுப்படி வாசல்ல நிப்பாக. “பஞ்சு, இந்தப் பல்லு ஒண்ணு ஒடைஞ்சிருக்கு பாரு. இது எப்படி ஒடைஞ்சதுன்னு தெரியுமா”ன்னு கேப்பாக. மம்பட்டிப் புராணம் ஆரம்பிச்சாச்சான்னு கேப்பேன். அவ்வளவுதான், எடுத்துட்டுப் போயிருவாக. இப்படி எத்தனையோ தடவை. குழம்பு கொதிக்கறப்ப ஒடைஞ்ச பல்லைப் பத்தி யாரு கேப்பா, நீயே சொல்லு. இல்ல, இரு, நான் முடிச்சுக்கறேன்.

வருசா வருசம் தை மாசம், பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துல, அவுக வெளியூர் போவாக. கேட்டா சவரி வீட்டுக்குன்னு சொல்வாக. சவரிமுத்துன்னு கூட வேலை பார்த்தவரு. காலையில போயிட்டு மறுநாள் வருவாக. பட்டாளத்துக்காரக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறதுதான, போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அந்த மம்பட்டியும் கூடவே போகும்.

மூணாவது வருசமோ நாலாவது வருசமோ, திரும்பி வந்து குளிக்கப் போயிருந்தாக. பையைத் திறந்து அழுக்குத் துணி எடுத்தேன். மம்பட்டியைத் துடைச்சுத்தான் கொண்டு வந்திருந்தாக, ஆனா அந்த மடக்குற கீல் இடுக்குல மண்ணு இருந்துச்சு. செக்கச் செவேல்னு செம்மண்ணு. எங்க ஊரு கரிசல். பத்து மைல் சுத்துக்கும் கரிசல்தான். மத்தவளுக புருசன் சட்டையில முடி இருக்கான்னு பார்ப்பாளுக. நான் மம்பட்டியில மண்ணைப் பார்த்தேன். ஊசியை விட்டுக் குடைஞ்சு எடுத்து ஒரு காகிதத்துல மடிச்சும் வச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அவுக கூட வேலை பார்த்த இன்னொருத்தரு, உசிலம்பட்டிக்காரரு, வீட்டுக்கு வந்தாரு. காபி கொடுத்துக்கிட்டே, சவரிமுத்து அண்ணன் எல்லாம் சௌக்கியமான்னு சும்மா கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, சவரி செத்துப் போயி எத்தனை வருசம் ஆச்சும்மா, பனி மூடிச் செத்துட்டானே, உனக்குத் தெரியாதான்னாரு. சம்சாரம் மட்டும் ஒரு பொண்ணை வச்சுக்கிட்டு அறந்தாங்கியில இருக்குன்னாரு.

யோசிச்சுப் பார்த்தா, ஆமா, அவுக ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின வருசம் ஒருநாள் போன்ல சொல்லியிருக்காக. கூட இருந்தவன் போயிட்டான் பஞ்சுன்னு. நானும் த்சு த்சுன்னேன். அன்னைக்குத்தான் எங்க வீட்டு ஓட்டுமேல குரங்கு ஏறி நாலு ஓட்டை உடைச்சுப் போட்டுருச்சு, அதைச் சொல்லத்தான் நான் போனுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். பேரு என்னன்னு அவுக சொன்னாகளா, நான் கேட்டேனா, ஞாபகம் இல்ல. மெனக்கெட்டுச் சொல்லியிருந்தா எனக்கு ஏன் ஞாபகம் இல்லாமப் போகுது?

ஆக, இத்தனை வருசமா போனது சவரியைப் பார்க்க இல்ல. சவரி பொண்டாட்டியைப் பார்க்க.

நான் கேக்கலை. ஏன் கேக்கணும்? சொல்ல வேண்டியது அவுக. ஒவ்வொரு தையிலயும் பையை எடுத்து வைப்பாக, நான் இட்லி கட்டிக் கொடுப்பேன். இட்லி கட்டிக்கிட்டே, இதுல ரெண்டு அவளும் திம்பாள்லன்னு நெனைப்பேன். அப்படியும் மொளகாப்பொடி நல்லாத்தான் தடவி வைப்பேன், நம்ம கைப்பக்குவம் அவளுக்கும் தெரியட்டும்னு. திரும்பி வந்ததும் கீல் இடுக்கைக் குடைவேன். மஞ்சப் பை ஓரத்துல எட்டு ஒம்பது காகிதப் பொட்டலம் செம்மண்ணு சேர்ந்துருச்சு. எனக்கு ஒரே மக, விருதுநகர்ல கட்டிக் கொடுத்திருக்கு. அவகிட்ட இதைச் சொல்ல முடியுமா? யாருகிட்டயும் சொல்லலை.

இந்தத் தையிலதான் எல்லாம் வெளிய வந்துச்சு.

மார்கழிக் கடைசியில அவுக வாசப்படியில வழுக்கி முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு போச்சு. மதுரையில ஆப்பரேசன் பண்ணி, ஆறு வாரம் நடக்கக் கூடாதுன்னுட்டாக. கட்டில்ல படுக்கப் போட்டாச்சு. பொங்கல் முடிஞ்சது. மனுசனுக்கு இருப்புக் கொள்ளலை. காலண்டரைப் பார்க்கறாக, காலைப் பார்க்கறாக. மம்பட்டியை எடுத்துத் தரச் சொல்லி மடியில வச்சுக்கிட்டாக. ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, பஞ்சு, ஒரு வேலை இருக்கு, எனக்குப் பதிலா நீ போயிட்டு வர்றியான்னாக. எங்கன்னேன். அறந்தாங்கின்னு சொல்லி, மேல என்னமோ சொல்ல வாயெடுத்தாக. அங்கெல்லாம் நான் எதுக்குன்னு கேட்டுட்டு மாவாட்டப் போயிட்டேன். பாரேன், எவ்வளவு துணிச்சல்! அவளைப் பார்க்க முடியாத ஏக்கத்துல, என்னையே தூதுக்கு அனுப்பப் பார்க்கறாகன்னு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது.

மறுநாள் காலையில அவுக கண்ணசந்த நேரம் மம்பட்டியை எடுத்துப் பையில போட்டேன். அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, மேலூர்ல என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லன்னு புளுகிட்டு, அறந்தாங்கி பஸ் ஏறிட்டேன். இதே ரூட்டு பஸ்தான். என் திட்டம் என்னன்னா, அந்த மம்பட்டியை அவ வாசல்ல போட்டுட்டு, இதுக்குத்தான வர்றாக, இதை நீயே வச்சுக்கன்னு நறுக்குன்னு கேட்டுட்டு வந்துரணும். பஸ்ஸுல உக்காந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கறது கஷ்டமா இல்ல. செத்துப்போன பட்டாளத்துக்காரரு வீடுன்னதும் கையைக் காட்டுறாக. ஓட்டு வீடு, முன்னால கம்பி கேட்டு. உள்ள ஒருத்தி உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. நான் என்னென்னமோ கற்பனை பண்ணி வச்சிருந்தேன் தாயி. ஒல்லிக்குச்சியா, தலை பாதி நரைச்சு, கண்ணாடி போட்டு, சத்துணவு டீச்சரு வேலை பார்க்கறவ. எனக்கு ஒரு நிமிசம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா சிரிச்சா பாரு, பல் வரிசை அவ்வளவு அழகு. அதை நான் மறைக்க மாட்டேன்.

திருமங்கலத்துக்காரரு சம்சாரம்னு சொன்னேன். பதறி எந்திரிச்சா. “அக்கா, வாங்கக்கா, அண்ணனுக்கு என்ன?”ன்னா. அண்ணனாம். யாருக்குத்தான் அண்ணன் இல்ல, வாயில வர்றதுதானன்னு நெனச்சுக்கிட்டு, பையைத் திறந்து மம்பட்டியை எடுத்து நடு வீட்டுல வச்சேன். உங்க சாமான் உங்க வீட்டுலயே இருக்கட்டும், இனி அவுக வர மாட்டாகன்னேன்.

அவ மம்பட்டியைத் தொடலை. அதையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் என்னைப் பார்த்து, “அண்ணன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா அக்கா?”ன்னு கேட்டா.

அந்தக் கேள்வி இருக்கே தாயி. செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது.

என்னைக் கையைப் பிடிச்சுக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனா. சின்ன இடம், செம்மண்ணு. அங்கங்க வட்ட வட்டமா மண்ணு அமுங்கி நெறம் மாறிக் கெடந்துச்சு. “மொத வருசம் பாத்ரூம் தண்ணி போக வாய்க்கா வெட்டிக் கொடுத்தாரு, ஒதவியா இருந்துச்சு. மறு வருசம் ரெண்டு தென்னம்பிள்ளை வச்சாரு. அதுக்குமேல இந்தக் கொல்லையில தோண்ட என்னக்கா இருக்கு? ஆனாலும் வந்துருவாரு. மரம் வைக்கன்னு குழி தோண்டிட்டுப் போவாரு. அவரு பஸ் ஏறினதும் நான் மூடிருவேன். இல்லாட்டி ஆடு விழுந்துரும்”னா.

வேணாம்னு சொல்ல வேண்டியதுதானன்னேன்.

எப்படிச் சொல்றதுக்கா, தோண்டுற நேரம் மட்டுந்தான் அவரு மூச்சு ஒழுங்கா வருது, மத்த நேரம் குனிஞ்ச தலை நிமிர மாட்டாருன்னா.

அப்பறந்தான் அவ சொன்னா. அங்க மேல, பனிமலைக் காவல்ல, ரெண்டு பேரும் ஒரே கூடாரம். தைக் குளிரு. காலையில டீ போட பனிக்கட்டி வெட்டி உருக்கணுமாம், அங்க தண்ணி கிடையாதாம். எங்க வீட்டுக்காரரு மம்பட்டியில மரை தேய்ஞ்சு போயி நிக்கலை. அதனால சவரிமுத்துவோட மம்பட்டியை வாங்கிட்டு இவுக வெளிய போயிருக்காக. அவரு கூடாரத்துல படுத்திருந்தாரு. அந்த நேரத்துல பனி சரிஞ்சு கூடாரத்தை மூடிருச்சு. அந்த மாதிரி ஆச்சுன்னா உள்ள இருந்து தோண்டிக்கிட்டு வெளிய வரத்தான் ஆளுக்கு ஒண்ணு கொடுக்கறாகளாம். இவுக மம்பட்டி உள்ள கெடந்துச்சு, நிக்காத மம்பட்டி. அவரோட நல்ல மம்பட்டி இவுக கையில. அதை வச்சு இவுக ஒத்தை ஆளா தோண்டியிருக்காக. கூடார முளையில பட்டு ஒரு பல்லு ஒடைஞ்சு போச்சாம். ஆளை எடுத்தப்ப உசிரு இல்ல.

தூக்கத்துலயே போயிட்டாராம், முகம் தூங்குற மாதிரியே இருந்துச்சாம், அண்ணன் சொன்னாருன்னா லூர்து. அவ பேரு லூர்து.

“மொத தடவை வந்து அதை என்கிட்டச் சொன்னப்ப, அந்த மம்பட்டியாலயே அவரு மண்டையில போடணும்னு இருந்துச்சுக்கா. போட்டிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும். நான் அழுதுட்டு சோத்தைப் போட்டேன். அதான் வருசா வருசம் வர்றாரு”ன்னா.

நீ நெனைப்ப, இதைக் கேட்டு எனக்கு மனசு எளகிப் போயிருக்கும்னு. எளகுச்சு. இல்லைன்னு சொல்லலை. ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம், கீரைக் குழம்பு வச்சு சோறு போட்டா, சாப்பிட்டேன். ஆனா பஸ் ஏறி உக்காந்ததும் வேற மாதிரி ஆயிருச்சு. இத்தனை வருசம் அவளைத் தொட்டாகளோன்னு வெந்துக்கிட்டிருந்தேன். தொட்டிருந்தாக்கூட சரின்னு தோணிருச்சு. சொல்லியிருக்காகளே! மனசுல கெடந்தது அத்தனையும் அவகிட்டப் போயிக் கொட்டியிருக்காக. எனக்கு மட்டும் மரை எப்படித் திருகுறதுன்னு சொல்லிக் கொடுத்தாக. அந்த மம்பட்டி அவ வீட்டுல வேணாம்னுட்டா, அது இருந்தா தூக்கம் வராதுன்னு. அதை மடியில வச்சுக்கிட்டு, மதுரை வர்ற வரைக்கும் அவமேல பொறாமைப்பட்டுக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தப்ப விளக்கு வைக்கிற நேரம். அவுக கட்டிலை விட்டு எறங்கி, பீரோவைத் திறந்து போட்டு, என் சேலையெல்லாம் தரையில கெடக்கு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கிறாக. என் கையில பையைப் பார்த்ததும் கட்டில்ல உக்காந்துட்டாக. எங்க போயிருந்தேன்னு கேட்டாக. அறந்தாங்கின்னேன். பையை வாங்கி மம்பட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக. அப்புறம் என்ன கேட்டாக தெரியுமா?

“குழி தோண்டினியா பஞ்சு?”

எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. அவகிட்டச் சொன்னீகள்ல, கட்டின பொண்டாட்டிகிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொல்ல வந்தேன் பஞ்சு, நெறைய தடவை வந்தேன்னாக. எப்ப வந்தாக? நானும் இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுப் பார்க்கறேன், ஒரு தடவைகூட வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. மம்பட்டியைப் பத்தித்தான் வந்து வந்து பேசுவாக. அதைத்தான் சொல்லிக்கிறாக போல.

நான் விடலை. முதல்ல இருந்து சொல்லுங்கன்னேன். அவ சொன்னதையேதான் சொன்னாக, ஒரு சொல்லு மாறாம. கேக்கக் கேக்க எனக்கு என்னமோ எச்சிச் சோறு திங்கிற மாதிரி இருந்துச்சு. இது அவளுக்குச் சொன்னது. அவளுக்குச் சொல்லாதது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, எனக்குச் சொல்லுங்கன்னேன். இருபத்தாறு வருசத்துக்கு அது போதும்னேன்.

வேணாம் பஞ்சுன்னாக.

சொல்லுங்கன்னேன்.

அந்த மம்பட்டியை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, ஒடைஞ்ச பல்லு இருந்த எடத்தைப் பெருவிரலால தடவிக்கிட்டே சொன்னாக. “அவன் தூக்கத்துல போகலை. கூப்பிட்டான். மொதல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், நான் தோண்டுற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கு. வந்துட்டேன்டா வந்துட்டேன்டான்னு கத்திக்கிட்டே தோண்டினேன். அப்புறம் என் பேரை விட்டுட்டான். லூர்து லூர்துன்னு கூப்பிட ஆரம்பிச்சான். ஒரு மணி நேரம் இருக்கும் பஞ்சு. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சது. அது நிக்கறதுக்குள்ள என்னால போயிச் சேர முடியலை.”

நான் கேட்டது கெடைச்சிருச்சு. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருச்சு.

உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ காரைக்குடியில எறங்கிப் போற ஆளு. அதைக் கேட்டதும் எனக்கு மொத நெனப்பு என்ன வந்துச்சு தெரியுமா? ஐயோ பாவம்னு வரலை. எங்க வீட்டுக்காரரு அந்தப் பனிக்குள்ள கெடந்திருந்தா யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாகன்னு வந்துச்சு. அவளை ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்காரு ஒருத்தரு. என்னை யாரு அப்படிக் கூப்பிட்டா? கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கலை. கேட்டா உன் பேரைத்தான்னு சொல்லிருவாக. நல்ல மனுசன். கேட்டு வாங்கிக்கிட்டா அதுல என்ன இருக்கு சொல்லு.

அது நடந்து நாலு மாசம் ஆச்சு. அவுக கால் தேறி நடக்கறாக. என்கிட்டச் சொன்னதுல அவுகளுக்குப் பாரம் எறங்கிருச்சு போல, நல்லா தூங்குறாக. எனக்குத்தான் வாசல்ல யாராச்சும் ரெண்டு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திக்குன்னுது. கீரைக்காரி கூப்பிட்டாக்கூட.

லூர்து மகளுக்கு நாளான்னைக்குக் கல்யாணம். அதுக்குத்தான் இப்பப் போறோம். கல்யாணம் முடிஞ்சா அவ மகளோட ஓசூர் போயிருவா, வீட்டை வாடகைக்கு விடப் போறா. அவ போன் பண்ணினது எனக்குத்தான், அவுகளுக்கு இல்ல. “அண்ணனைக் கூட்டிட்டு வாங்கக்கா. பந்தக்கால் நடக் குழி வேணும். இந்தத் தடவை நெசமாவே வேணும்னு சொல்லுங்க”ன்னா. சொன்னேன். நேத்து பூரா எண்ணெய் போட்டுத் துடைச்சாக. இப்ப பாரு, எவ்வளவு சந்தோசமா அந்த ஆளுக்கு மரையைத் திருகிக் காட்டுறாக.

எனக்குத்தான் அவ மொகத்தைப் பார்க்கணுமேன்னு இருக்கு. ரெண்டு நாள் ஒரே வீட்டுல, ஒரே அடுப்படியில. அவரு அப்படி இருந்தாரு இப்படி இருந்தாருன்னு புருசனைப் பத்திப் பேசுவா, தூக்கத்துலயே போயிட்டாருன்னு சொல்வா. நான் காய் நறுக்கிக்கிட்டுத் தலையாட்டணும். சொல்லிரலாமான்னு நேத்து நெனச்சேன். காலையில எந்திரிச்சா வேணாம்னு தோணுது. அவுக சொல்லாம மறைச்சது அவளுக்காக. அது தெரியுது. நான் சொல்லாம இருக்கறது யாருக்காகன்னுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. அவ மனசு தாங்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். ஆனா இதையும் அவளுக்குக் கொடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கும்? எங்க வீட்டுக்காரரு என்கிட்ட மட்டும் சொன்னது இது ஒண்ணுதான தாயி.

பிள்ளையார்பட்டி தாண்டியாச்சு, இந்தா காரைக்குடி வந்துருச்சு. பையை எடுத்துக்க. குடையை மறந்துறாத.

என்ன? சொல்லு, நான்தான் உன்னை வாயைத் திறக்கவே விடலை. சொல்லிட்டு எறங்கு.

ம்?

அவரு கடைசியாக் கூப்பிட்டது அந்தம்மா பேருதானம்மாங்கறியா.

…ஆமா. அவ பேருதான்.

பார்த்து எறங்கு தாயி, படி உயரமா இருக்கு.